மருந்துக்குக் கேட்காத நுரையீரல் பூஞ்சை: காரைக்குடிப் பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

நான் நுண்ணுயிரியல் மருத்துவர். நோயாளியைவிட நோயாளியின் சளியைத்தான் அதிகம் பார்ப்பேன். இந்த நிகழ்வில் இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தது. இதில் வருபவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நெஞ்சக மருத்துவர்களும் சின்ன ஊர் ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்களும் படித்தால் போதும் என்று நினைத்துத் தொடங்கினேன். ஆனால் டிபி வந்து குணமாகி, மறுபடியும் இருமிக்கொண்டிருப்பவர்கள் வீட்டிலும் யாராவது இதைப் படிப்பார்கள் என்பதால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

பின்னணி

ஐம்பதைத் தாண்டிய ஆண். செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளில் மரவேலைக்கும் சுத்தம் செய்யவும் ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டரிடம் பல வருஷமாக இருந்தவர். கல்யாணம், சாந்தி என்று ஏதாவது விசேஷம் வந்தால் பங்காளிகள் ஊருக்கு வருவதற்கு முன்னால் வீட்டைத் திறந்து, வௌவால் எச்சத்தையும் ஒட்டடையையும் கூட்டி அள்ளுவது, இரண்டாம் கட்டில் உளுத்துப்போன பரணைப் பிரித்துப் போடுவது, இதெல்லாம் இவர் வேலை. மழைக்காலத்தில் அந்த வேலை படுத்துவிடும். அப்போது கண்மாய்ப் பாசனத்தில் குத்தகை நிலம், சம்பா நெல், மேட்டில் கொஞ்சம் மிளகாய். தெளிப்பானை முதுகில் மாட்டிப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பதும் அவரேதான்.

ஆறு வருஷத்துக்கு முன் டிபி வந்து, ஆறு மாத மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தவர். கிருமி போய்விட்டது, வலது மேல் நுரையீரலில் ஒரு குழி மட்டும் தங்கிவிட்டது. இந்தக் குழிதான் கதையின் ஆரம்பம். ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சையின் வித்துகள் நாம் மூச்சு விடும் காற்றில் எப்போதும் இருக்கின்றன, எல்லாரும் தினமும் உள்ளே இழுக்கிறோம், நல்ல நுரையீரல் அவற்றை அன்றைக்கே அழித்து வெளியேற்றிவிடும். காற்றோட்டமும் ரத்த ஓட்டமும் குறைந்த பழைய டிபி குழியில் அது நடப்பதில்லை. வித்து தங்கும், முளைக்கும், மாதக்கணக்கில் சுவரை அரிக்கும், சிலருக்கு உள்ளே உருண்டையாகவே திரண்டுவிடும். நாள்பட்ட நுரையீரல் ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்று இதைச் சொல்கிறோம். இருமல், இளைப்பு, எடை குறைவு, சளியில் ரத்தம் என்று அறிகுறியெல்லாம் டிபி மாதிரியே இருப்பதால் நம் ஊரில் இது டிபி என்றே பெயர் வாங்கிவிடுகிறது.

இவருக்கும் அதுதான் நடந்தது. இருமலும் ரத்தக் கீற்றும் வந்ததும் வெளியே ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார். எக்ஸ்ரேயில் குழியைப் பார்த்து டிபி மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனை அப்போது நடக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை, எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது. அப்புறம்தான் எங்கள் நெஞ்சக மருத்துவரிடம் வந்தார்.

முதலில் கண்டது

சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் டிபி இல்லை, இரண்டு சளியிலும் இல்லை. டிபி கல்ச்சரும் ஆறு வாரம் வைத்து எதுவும் வளரவில்லை. சர்க்கரை இல்லை. சி.டி. ஸ்கேனில் அந்தப் பழைய குழியின் சுவர் தடித்து, உள்ளே ஒழுங்கற்ற ஒரு கட்டி, அதைச் சுற்றிப் பிறை போலக் காற்று. ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி மிக அதிகம். மூன்று மாதத்துக்கு மேல் அறிகுறி, அதற்குப் பொருந்தும் ஸ்கேன், பூஞ்சை இருப்பதற்கான சான்று, வேறு நோய் இல்லை என்ற உறுதி, நான்கும் இருந்ததால் நோய் இன்னதென்பதில் சந்தேகம் இல்லை.

டிபி மாத்திரை நிறுத்தப்பட்டது. உடனே பூஞ்சை மருந்தைத் தொடங்காமல் எங்கள் மருத்துவர் இரண்டு வாரம் பொறுத்தார். காரணம், டிபி மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின். அது கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடும், அதன் கூடவே இட்ராகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்தால் ரத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது, ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் அந்த விளைவு அடங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பிறகு இட்ராகோனசோல் 200 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை. குறைந்தது ஒரு வருஷம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சண்டிகரில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதத்தோடு நிறுத்தியவர்களில் 38 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, பன்னிரண்டு மாதம் சாப்பிட்டவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. அதை வைத்து எடுத்த முடிவு.

பூஞ்சை கல்ச்சர்? அதற்கு முன்பே வேறு ஓர் ஆய்வகத்தில் ஒரு சளி போயிருந்தது. 'ஆஸ்பர்ஜில்லஸ் இனம் வளர்ந்தது' என்று ஒரே வரி ரிப்போர்ட். எந்த வகை என்று இல்லை. பூஞ்சை வளர்ந்த தட்டைக் கேட்டு ஆள் அனுப்பினால், ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி கொல்லும் கருவியில்) போய்விட்டது என்று பதில். இதில் அந்த ஆய்வகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பாக்டீரியா பார்க்கும் பெரும்பாலான ஆய்வகங்களில் தட்டில் பூசணம் வந்தால் அது காற்றிலிருந்து விழுந்த அசுத்தம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் இவர் விஷயத்தில், சிகிச்சைக்கு முந்தைய பூஞ்சை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அத்தோடு மூடிவிட்டது.

மருந்து போய்ச் சேர்கிறதா?

மூன்று மாதம் கழித்து வந்தபோது எடை இன்னும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. ரத்தக் கீற்று நிற்கவில்லை. நெஞ்சக மருத்துவர் என்னிடம் ஃபோனில் முதலில் கேட்டது, "ரெசிஸ்டன்ஸா இருக்குமோ?" என்பதுதான், அதாவது பூஞ்சைக்கு மருந்து எதிர்ப்பு இருக்குமோ என்று. இருக்கலாம். ஆனால் பூஞ்சையின் மேல் பழி போடுவதற்கு முன்னால், மருந்து அதன் வாசல் வரைக்கும் போனதா என்று பார்த்தாக வேண்டும். இட்ராகோனசோல் கேப்சூல் அந்த விஷயத்தில் மோசமான மருந்து. வயிற்றில் அமிலமும் சாப்பாடும் இருந்தால்தான் கரைந்து ஏறும். போதாக்குறைக்கு, கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளின் எண்ணிக்கையும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனாலும் ரத்தத்தில் ஏறுவது மாறும்.

அவரிடம் உட்கார்ந்து பேசினேன்.

"மாத்திரை எப்பண்ணே சாப்பிடுறீங்க?"

"காலையில அஞ்சரைக்கு வண்டி வந்துரும் டாக்டரம்மா. வரக்காப்பியோட போட்டுட்டுக் கிளம்பிருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தொடனே ஒண்ணு."

"சாப்பாட்டோட இல்லையா?"

"சாப்பிட்டுப் போட்டா நெஞ்செரிச்சல்மா. அதுக்குத்தான் மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிக்கிறேன், காலையில அதயும் சேத்துப் போட்டுக்குவேன்."

கேஸ் மாத்திரை என்றால் பான்டப்ரசோல். வெறும் வயிறு, அமிலத்தை அடக்கும் மாத்திரை, இரண்டும் சேர்ந்தால் கேப்சூல் எப்படிக் கரையும்? சீட்டில் எழுதியிருந்தபடி ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறார், வீட்டில் காலி அட்டைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தார். அவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. 'சாப்பாட்டுக்குப் பின்' என்று ஒரு வார்த்தை, 'கேஸ் மாத்திரை கூடாது' என்று ஒரு வார்த்தை, இரண்டும் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து, மருந்து அளவு பார்க்க வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். சிகிச்சை பலிக்க வேண்டுமானால் 0.5க்குக் கீழே போகக்கூடாது, 1க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆக இந்த மூன்று மாதத்தையும் 'இட்ராகோனசோல் சாப்பிட்ட மூன்று மாதம்' என்று கணக்கில் எடுக்கவே முடியாது.

பான்டப்ரசோல் நின்றது. காலை மாத்திரை வேலைத்தளத்தில் பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பின், மற்றது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினோம். நெஞ்செரிச்சலுக்குத் தேவைப்பட்டால் மட்டும் அமில முறிவு மருந்து, அதுவும் கேப்சூலுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. மருந்து உடம்பில் நிலைப்பட இரண்டு வாரம் வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு மறுபடி அளந்தோம். 1.4. சரி, இனி எட்டும் என்று எல்லாரும் நிம்மதியானோம்.

ஒரு மாதம் கொஞ்சம் தேறினார் என்றே சொல்ல வேண்டும். இருமல் குறைந்தது, ஒரு கிலோ ஏறியது. அதற்கு அடுத்த இரண்டு மாதத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. ஸ்கேனில் குழியைச் சுற்றிப் புதிதாக நிழல். ஒரு நாள் காலை இருமலோடு கால் டம்ளர் ரத்தம் வந்ததாக அவர் மனைவி பதறிப்போய் அழைத்து வந்தார். மருந்தளவை மறுபடி பார்த்தோம், 1.2. மருந்து போய்ச் சேர்கிறது, நோய் கேட்கவில்லை. இப்போதுதான் மருந்து எதிர்ப்பைத் தேட ஒரு நியாயமான காரணம் கையில் இருந்தது.

ஒரு சளி, ஐந்து காலனி

வழக்கமான முறையில், சளியைக் கரைத்து அதில் ஒரு லூப் (சின்னக் கம்பி வளையத்தின் அளவு) எடுத்து இழுத்த தட்டில் ஒன்றும் வளரவில்லை. இது எதிர்பார்த்ததுதான். நுரையீரல் பூஞ்சை சளியில் சீராகக் கலந்திருக்காது, கட்டிக்கட்டியாக எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், பத்து மைக்ரோலிட்டரில் அது வந்து விழுவது அதிர்ஷ்டம். அதனால் அடுத்த சளியைக் கரைக்காமல், நீர்க்காமல், முழுவதையும் பல தட்டுகளில் பரப்பினோம். பூஞ்சை வளர்க்கும் சபுரோ அகார்தான் இதற்கு வேண்டும், அதிலும் ஆக்டிடியோன் என்ற மருந்து கலக்காதது. ஆக்டிடியோன் கலந்தது ஆஸ்பர்ஜில்லஸை அடக்கிவிடும், இதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் ஐந்து காலனி, அதாவது தட்டில் தனித்தனியாக வளர்ந்த ஐந்து பூஞ்சைத் திட்டு. எல்லாமே புகை படிந்த மாதிரி நீலப்பச்சை, ஓரத்தில் வெள்ளை. லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குடுவை வடிவ வெசிக்கிள் (காம்பின் நுனிப் புடைப்பு), அதன் மேல் பாதியில் மட்டும் ஒரே வரிசை ஃபியாலைடு (வித்து உண்டாக்கும் செல்), மேல்நோக்கி நெருக்கமாக நிற்கும் வித்துகள். 48 டிகிரியிலும் நன்றாக வளர்ந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்று சொல்லலாம். 48 டிகிரியில் வைத்துப் பார்ப்பது சின்ன ஆய்வகத்துக்கு மிகவும் உதவும் ஒரு வேலை, செலவு கிடையாது. ஃபியூமிகேட்டஸ் போலவே தோற்றமளித்து, பல மருந்துகளுக்கு இயல்பிலேயே அடங்காத லென்டுலஸ் அந்தச் சூட்டில் வளராது. வகையைச் சரியாகச் சொல்வது பாதி வேலை. டெரியஸ் என்ற இனம் ஆம்போடெரிசின் என்ற ஊசி மருந்துக்கு இயல்பாகவே கேட்காது. நம் நாட்டில் நிறையப் பார்க்கும் ஃபிளேவஸுக்கு அளவுகோல் வேறு. வகை தெரியாமல், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டி போடுவதில் அர்த்தமில்லை. பிறகு, புரதங்களை வைத்து வகையைக் கண்டறியும் மால்டி-டாஃப் கருவி உள்ள இடத்திலும் ஃபியூமிகேட்டஸ்தான் என்று உறுதியானது.

மருந்து எதிர்ப்பை முறையாக அளக்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன் வசதி எங்களிடம் இல்லை. பூஞ்சைக்கான பெரிய ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே ஒரு காலனியைத் தூய கல்ச்சராக அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். ஆனால் மீதி நான்கைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கள் டெக்னீசியன், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண், "ஸ்கிரீனிங்குக்கு எத எடுக்கட்டும் மேடம்? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டாள். "ஒரே மாதிரி இருக்குறதாலதாம்மா அஞ்சையும் எடு" என்றேன். பார்வைக்கு எதிர்ப்புள்ளதும் இல்லாததும் வித்தியாசம் காட்டாது. ஒரே குழியில் இரண்டும் சேர்ந்து குடியிருக்கலாம் என்பது பூஞ்சை நிபுணர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் விஷயம், ஒன்றுக்கு மேற்பட்ட காலனியைச் சோதிக்கச் சொல்வதும் அதனால்தான்.

ஸ்கிரீனிங் தட்டு எளிமையானது. நான்கு குழி, ஒன்றில் மருந்தில்லாத அகார், மற்ற மூன்றில் இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசாகோனசோல் கலந்த அகார். இட்ராகோனசோல் குழியில் லிட்டருக்கு 4 மில்லிகிராம். வித்துகளைச் சிறிது ட்வீன் (சோப்பு போல ஈரம் பிடிக்க வைக்கும் பொருள்) கலந்த உப்புநீரில் எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி, 35 முதல் 37 டிகிரியில் இரண்டு நாள். மருந்தில்லாத குழியில் மட்டும் வளர்ந்தால் கவலை வேண்டாம். மருந்துக் குழியில் வளர்ந்தால் எதிர்ப்பு இருக்கலாம், மேலே உறுதி செய்ய வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை, அதற்கு மேல் அதிலிருந்து எதையும் படிக்கக்கூடாது. ட்வீன் சேர்ப்பதில் சோம்பல் கூடாது, ஃபியூமிகேட்டஸ் வித்து தண்ணீரில் ஒட்டாது, மேலே மிதந்து காற்றில் பறக்கும். இந்த வேலை எல்லாமே பாதுகாப்புக் கேபினெட்டுக்குள்தான்.

இரண்டாம் நாள் காலை தட்டைத் திறக்காமலே தெரிந்தது. மூன்று காலனி மருந்துக் குழிகளில் வெறும் ஈரத்தடம். மற்ற இரண்டும் இட்ராகோனசோல் குழியில், மருந்தே இல்லாத குழிக்கு ஏறக்குறைய நிகராக, மெத்தென்று பச்சை விரித்திருந்தன. மற்ற இரண்டு மருந்துக் குழிகளிலும் மெல்லிய வளர்ச்சி.

அதே வாரம், வெளியே அனுப்பிய ஒற்றைக் காலனியின் ரிப்போர்ட் வந்தது. பூஞ்சையை அடக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மருந்தளவு, அதாவது எம்.ஐ.சி., லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இட்ராகோனசோல் 0.5, வோரிகோனசோல் 0.5. கட்டுப்படும் என்று முடிவு. அந்த ரிப்போர்ட்டில் ஒரு தவறும் இல்லை, அனுப்பிய காலனிக்கு அதுதான் சரியான விடை. நாங்கள் ஐந்தையும் பார்த்திருக்காவிட்டால் 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதி, அந்தத் தாள் அவர் ஃபைலில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும். அடுத்து பார்க்கும் எந்த மருத்துவரும் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்.

வளர்ந்த இரண்டையும் மறுபடி ஒற்றை வித்திலிருந்து எடுத்துத் தூய்மையாக்கி, மருந்தில்லாத அகாரில் ஒரு முறை மாற்றி, இன்னொரு முறை ஸ்கிரீன் செய்து, அதே விடை வந்த பிறகு, நடந்ததை ஒரு கடிதமாக எழுதி இணைத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அக்கறையாக எடுத்துக்கொண்டார்கள். இட்ராகோனசோல் எம்.ஐ.சி. 8க்கும் மேல், வோரிகோனசோல் 4, போசாகோனசோல் 1, ஆம்போடெரிசின் 0.5. ஐரோப்பிய அளவுகோலில் இட்ராகோனசோலுக்கும் வோரிகோனசோலுக்கும் 1ஐத் தாண்டினால் எதிர்ப்பு என்று கணக்கு, போசாகோனசோலுக்கு எல்லை அதைவிடக் கீழே. அசோல் வகை மருந்துகளான இந்த மூன்றும் போயிற்று. மரபணுப் பரிசோதனையில் சிப்51ஏ மரபணுவில் டி.ஆர்.34/எல்98ஹெச் மாற்றம்.

இந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது

இந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதி ஒன்றை அடைப்பதுதான் அசோல் மருந்துகளின் வேலை, அந்த நொதிக்கான மரபணுதான் சிப்51ஏ. இங்கே அந்த மரபணுவை இயக்கும் பகுதியில் 34 எழுத்து நீளத் துண்டு இரட்டித்து நொதியை அதிகமாகச் சுரக்க வைக்கிறது, கூடவே 98ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்து, மருந்து பொருந்தும் இடத்தையும் மாற்றிவிடுகிறது.

நீண்ட நாள் மருந்து சாப்பிட்ட நோயாளியின் உடம்புக்குள்ளேயே எதிர்ப்பு உருவாவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் அந்த மரபணுவில் ஒற்றை இட மாற்றங்களைத்தான் பார்ப்போம். டி.ஆர்.34 அப்படிப்பட்டதல்ல, வெளியே மண்ணிலும் மக்கிய பயிர்க் கழிவிலும் பூஞ்சாணக்கொல்லியின் அழுத்தத்தில் தேர்ந்து வந்தது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வயலில் அடிக்கும் டெபுகோனசோல், ப்ராபிகோனசோல், டைஃபெனோகோனசோல் எல்லாம் நம் மருந்துகளின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான், அடைக்கும் நொதியும் ஒன்றே. நெதர்லாந்தில் 1990களின் கடைசியிலிருந்து இது தென்பட்டது. இந்தியாவில் நோயாளிகளிடமும் சுற்றுச்சூழலிலும் இது இருப்பதை டெல்லி வல்லபபாய் படேல் நெஞ்சக நிறுவன ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைப் பட்டியலில் ஃபியூமிகேட்டஸ் உச்சப் பிரிவில் இருக்கிறது.

இவருக்கு எங்கே தொற்றியது? நெல்லுக்கு இலையுறைக் கருகலுக்கும் மிளகாய்க்குப் பழ அழுகலுக்கும் அசோல் வகை மருந்து அடித்தவர், அதனால் வயல் என்று சொல்லத் தோன்றும். அவர் குத்தகை வயலின் மண், களத்து ஓரம் மக்கிய வைக்கோல், கடைசியாக வேலை செய்த வீட்டின் பரண் தூசு, மூன்றையும் எடுத்து ஸ்கிரீன் செய்தோம். தூசில் ஃபிளேவஸும் நைகரும் ஏராளம், ஃபியூமிகேட்டஸ் சில, எதிர்ப்புள்ளது எதுவும் இல்லை. மண்ணிலும் வைக்கோலிலும் இல்லை. வித்து காற்றில் வெகுதூரம் போகும். இன்ன இடம் என்று கைகாட்ட எங்களிடம் ஆதாரம் இல்லை, அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். வேலை கொடுத்த ஆச்சி வீட்டின் மேல் அவர் மனைவிக்கு வருத்தம் இருந்தது. அந்த வீட்டுத் தூசில் இது கிடைக்கவில்லை என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஸ்கிரீனிங் முடிவுக்கும் எம்.ஐ.சி. முடிவுக்கும் நடுவில் சில வாரம் இருந்தது. உடனே வோரிகோனசோலுக்கு மாற்றலாமா என்று நெஞ்சக மருத்துவர் யோசித்தார், நோயாளி இளைத்துக்கொண்டே போகும்போது எந்த மருத்துவருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் வோரிகோனசோல் குழியிலும் வளர்ந்திருந்தது. கண் கூசுதல், கல்லீரல், வெயிலில் தோல் கருகல் என்று அதன் தொந்தரவுகளை, பலிக்காது என்று சந்தேகப்படும் மருந்துக்காக, வெயிலில் வேலை செய்பவர் மேல் ஏற்றுவானேன் என்றேன். இட்ராகோனசோலை உடனே நிறுத்தவும் வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். ஐந்தில் மூன்று காலனி அதற்குக் கட்டுப்படுபவை, அவற்றையாவது அது அடக்கி வைத்திருக்கும்.

எம்.ஐ.சி. வந்ததும் வாய்வழி மருந்து எதுவும் மிச்சமில்லை என்பது உறுதியாயிற்று. இருந்தது ஊசி மருந்தும் அறுவை சிகிச்சையும். நோய் ஒரே மேல் மடலில் நின்றது, மற்ற பகுதி நன்றாக இருந்தது, மூச்சுத் திறன் பரிசோதனை ஒரு மடலை எடுத்தாலும் தாங்கும் என்று காட்டியது, ரத்தம் வேறு வந்துகொண்டிருக்கிறது. இத்தனையும் சேர்ந்து அறுவை சிகிச்சை பக்கம் தள்ளின. நோய் இரு பக்கமும் பரவியிருந்தாலோ மூச்சுத் திறன் குறைவாக இருந்தாலோ இந்த வழி அடைபட்டிருக்கும், அப்போது இடைவெளி விட்டு ஊசி மருந்து என்றுதான் காலம் தள்ள வேண்டியிருக்கும்.

குடும்பத்தை உட்கார வைத்துப் பேசியபோது ஆம்போடெரிசின் என்ற பெயரைக் கேட்டதுமே அவர் மகன், "கருப்புப் பூஞ்சைக்குப் போட்டாங்களே, அதா?" என்றான். 2021ஐ யாரும் மறக்கவில்லை. அப்பாவுக்கு அதுவா என்று பயந்துவிட்டான். இது வேறு பூஞ்சை, வேறு நோய், மருந்து மட்டும் ஒன்று என்று விளக்கினோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆப்பரேசன் பண்ணலைன்னா இந்த ரத்தம் நிக்குமாம்மா?" நிற்கும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. சம்மதித்தார்.

பிறகு நடந்தது

மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, லிப்போசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் தினமும் ஏற்றினார்கள். இட்ராகோனசோல் அப்போது நின்றது. ஒவ்வொரு டோசுக்கும் முன் சலைன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பொட்டாசியம் 2.9க்கு இறங்கியது, ஈடுகட்டினார்கள். கிரியாட்டினின் ஏறி, இரண்டு நாள் மருந்தை நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. மூன்றாம் வார முடிவில் ரத்தம் நின்றிருந்தது, காய்ச்சல் இல்லை.

வலது மேல் மடல் எடுக்கப்பட்டது. பழைய டிபியால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப் போயிருந்ததால் அறுவை நீண்டது, ரத்த இழப்பும் இருந்தது. காற்றுக் கசிவு அடங்க நாளாகி, குழாயோடு எதிர்பார்த்ததைவிட ஒரு வாரம் கூடுதலாகப் படுக்கையில் இருந்தார். ஆம்போடெரிசின் அறுவைக்குப் பின்னும் சில நாள் தொடர்ந்தது.

எடுத்த குழியின் உள்ளிருந்த பூஞ்சை உருண்டையில் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல், உப்புநீரில் எனக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பினார்கள். அதில் வளர்ந்த காலனிகளில் சோதித்தவை எல்லாமே இட்ராகோனசோல் குழியில் வளர்ந்தன, கட்டுப்படும் காலனி ஒன்றுகூட இல்லை. சளியில் ஐந்துக்கு இரண்டு, குழியில் முழுக்க முழுக்க எதிர்ப்பு. சரியான அளவில் மருந்து போன மாதங்களில் கட்டுப்படுபவை ஒடுங்கி, மற்றது இடத்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்த ஒரு மாதத் தேறுதலுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இப்போது அறுவை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆறு கிலோ ஏறியிருக்கிறார். ஐ.ஜி.ஜி. படிப்படியாக இறங்குகிறது, ஸ்கேனில் புதுக் குழி இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது முழுதாகப் போகாது. பழைய வீட்டு வேலையை விட்டுவிட்டு ஒரு மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். குத்தகை நிலத்தை மகன் பார்க்கிறான்.

இனி செய்வது

எங்கள் இடத்தில் சில வேலைகளை மாற்றியிருக்கிறோம். நாள்பட்ட ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்று முடிவானவரின் முதல் பூஞ்சையைத் தூக்கிப் போடுவதில்லை. மைனஸ் 80 ஃப்ரீசர் எங்களிடம் கிடையாது. கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரில் சின்னக் குப்பியில் போட்டு மூடி, தேதி எழுதி அலமாரியில் வைக்கிறோம், இப்படி வைத்தே நீண்ட காலம் உயிரோடு இருக்கும். நோய் கேட்கவில்லை என்றால் முன்னும் பின்னும் ஒப்பிட அது வேண்டும்.

மருந்தளவை, நோய் முற்றிய பிறகு பார்ப்பதற்குப் பதில், தொடங்கிய இரண்டாம் வாரமே பார்க்கிறார் நெஞ்சக மருத்துவர். கேப்சூல் கொடுக்கும்போது மருந்தகத்தில் கவரின் மேல் சிவப்பு மையில் 'வயிறு நிறைய சாப்பிட்டபின். கேஸ் மாத்திரை கூடாது' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம். எதிர்ப்பு என்று சந்தேகப்பட்டு இதற்குப் பிறகு எங்களிடம் வந்தவர்களில் மருந்து ஏறாமல் இருந்தவர்தான் முதலில் கண்ணில் பட்டார்.

கல்ச்சர் படிவத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறோம்: எந்தப் பூஞ்சை மருந்து, எவ்வளவு நாளாக, கடைசி மருந்தளவு எவ்வளவு, எந்தத் தேதியில். இந்த இரண்டும் எழுதி வரும் சளியை முழு அளவில் பரப்புகிறோம், வளர்ந்தால் ஐந்து காலனி வரை ஸ்கிரீன் செய்கிறோம், மருந்துக் குழியில் வளர்ந்ததை மட்டும் வெளியே அனுப்புகிறோம். வெளியே அனுப்பும்போது 'ஐந்தில் இத்தனை' என்று கடிதத்தில் எழுதுகிறோம், ரிப்போர்ட்டிலும் அதையே போடுகிறோம். ஒரே காலனிதான் கிடைத்தது என்றால் அதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஒற்றைக் காலனியை வைத்து 'எதிர்ப்பு இல்லை' என்று எழுத எனக்கு இப்போது கை வருவதில்லை.

நோய்க்கான அறிகுறியோ ஸ்கேன் மாற்றமோ இல்லாமல், சளியில் தற்செயலாகப் பூசணம் வந்துவிட்டது என்று சென்சிட்டிவிட்டி கேட்டு வரும் மாதிரிகளை மட்டும் செய்வதில்லை. அனுப்பிய மருத்துவருக்கு ஃபோன் செய்து, நோயாளியைப் பற்றிக் கேட்ட பிறகே முடிவு செய்கிறோம்.